மழை விழாத இடம்

கண்ணாடியில் ஒரு துளிகூட இல்லை.

முதலில் அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது சந்தோஷம்தான் பட்டான். பிற்பகல் மூன்றரை மணி. ஆனாலும் மேகம் வெட்டவெளியின் மேல் கவிழ்த்த சட்டிபோல் உட்கார்ந்துகொண்டு, இருந்த வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டிருந்தது; வேனின் தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது, நனைந்த மண்ணும் சூடேறிய பேட்டரியும் கலந்த வாசனை உள்ளே அடைந்து கிடந்தது, காற்று பக்கவாட்டில் மோதிமோதித் திரும்பியது. அந்தக் காற்றுக்குக் கேமராப் பெட்டியின் முகப்புக் கண்ணாடி ஒரே நிமிடத்தில் நனைந்து நாசமாகியிருக்க வேண்டும். திரையில் வந்த படங்களோ துடைத்துவைத்ததுபோல் இருந்தன. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக, அடி தட்டையாக, பக்கம் உப்பி, இட்ட இடத்தில் நிற்பதுபோல் காற்றில் நின்றது. மழைத்துளியைக் கண்ணீர்ச் சொட்டு மாதிரி வரைந்து பழகியவர்களுக்கு அவன் படங்கள் எப்போதும் ஏமாற்றம்தான்.

அவன் வேலை அதுதான். விழுகிற துளியையும் ஆலங்கட்டியையும் தரையைத் தொடுவதற்கு முன் படமெடுப்பது. தரையில் கிடக்கும் கல்லை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். அது பாதி உடைந்தது, பாதி உருகியது. விழும்போது எப்படிப் புரள்கிறது, எந்தப் பக்கம் முன்னால் வருகிறது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் வானிலை ஆய்வு நிலையத்துக்கு வேண்டும். அதற்காக வேனின் பக்கவாட்டில், முன்கதவை ஒட்டி, இரும்புத் தாங்கியில் ஒரு கேமராப் பெட்டி. பத்தடி தள்ளிக் கறுப்புத் துணி கட்டிய சட்டம். இரண்டு பக்கமும் விளக்குகள். நடுவில் விழுவதெல்லாம் படத்தில் விழும். கேமராவின் நினைவகம் முப்பது நொடிக்குத்தான் தாங்கும். அந்த முப்பது நொடியை 'ஓட்டம்' என்பார்கள். ஓட்டம் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. அதைச் சேமித்து அடுத்ததற்குத் தயாராவதற்குள் பெரும்பாலும் புயலே போய்விடும்.

கல் விழத் தொடங்கும்வரை பெட்டிக் கண்ணாடிக்கு மேலே ஒருவர் குடை பிடிக்க வேண்டும். நான்கு வருடம் அந்த வேலையைச் செய்தவன் அவன் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. ஆபீசில் அவனுக்குப் பெயரே 'குடை'. தனக்கு ஒரு நாளும் குடை பிடித்துக்கொள்ளத் தெரியாதவன், தொப்பலாக நனைந்துகொண்டு கேமராவுக்குப் பிடிப்பான். இடது தோளை இறக்கி, வலது கையைத் தூக்கி நிற்பான், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன் மாதிரி. போன பருவத்தில், இதே வெட்டவெளியில், ஆலங்கட்டி விழுந்து செத்துப்போனான். மைத்துனனுக்குப் பதில் வேறு ஆள் கேட்கச் சொன்னார் இயக்குநர். அவன் கேட்கவில்லை. தனியாகவே சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

ஓட்டம் முடிந்ததும் இறங்கினான். தலைக்கவசத்தின் மேல் மழை சடசடத்தது, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. பெட்டியின் அருகில் போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். உலர்ந்திருந்தது. நீட்டிய கையில் தோளிலிருந்து முழங்கைவரை மழை விழுந்தது. முழங்கைக்கு அப்பால் விழவில்லை. கீழே மண்ணில் ஒரு குடை அகலத்துக்கு வட்டமாகப் புழுதி, காலையில் இருந்தபடியே, வெளுத்துக் கிடந்தது.

அவன் கையை இழுத்துக்கொண்டான். காற்று ஏதோ சுழன்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அப்படித்தான் இருக்க வேண்டும். துணியை அவிழ்க்காமல், சட்டத்தை அப்படியே பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மூன்றாம் நாள் ஆபீசில் 'சல்லடை' அவனைக் கூப்பிட்டாள். படங்களில் துளி எண்ணும் வேலை அவளுடையது. கம்ப்யூட்டர் துளிகளை எண்ணும், இவள் கம்ப்யூட்டர் விட்டதை எண்ணுவாள். அவளிடமிருந்து ஒன்றும் தப்பாது என்பதால் அந்தப் பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சார், இங்க ஒரு நிமிஷம் வாங்களேன். ஒரு வேடிக்கை காட்டறேன்."

ஓட்டத்தின் எல்லாப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, துளி போன இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தாள். திரை முழுக்க வெள்ளை, கோலமாவைக் கொட்டியது போல. இடது ஓரத்தில் மட்டும் கறுப்பு.

"இந்த ஓரத்துல ஒரு துளிகூட விழல. முப்பது நொடியும்."

"காத்து திருப்பியிருக்கும்."

"காத்துக்கு முழங்கை இருக்குமா சார்?" என்று சிரித்தாள். பேனா முனையால் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே மேலே போனாள். "இது தோள். இப்படி இறங்குது பாருங்க. இது கை. மேல தூக்கியிருக்கு. யாரோ நிக்கற மாதிரியே..."

பேனா நின்றது. அவள் சிரிப்பும் நின்றது. இறங்கிய அந்தத் தோளை ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். ஏதோ வாய்க்கு வந்தத உளறிட்டேன்."

"பரவால்லம்மா. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துட்டு அனுப்புங்க."

சொல்லிவிட்டுத் திரும்பியவன் எதிர்ச் சுவரைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. அங்கே அந்தப் படம் மாட்டியிருந்தது. ஆபீசுக்கு விருது வாங்கிக் கொடுத்த படம். முஷ்டி அளவு ஆலங்கட்டி ஒன்று காற்றில் நிற்கிறது, வெட்டிய வெங்காயம்போல் உள்ளே வளையம் வளையமாக, ஒவ்வொரு வளையமும் எண்ணும்படி. வருகிற விருந்தாளிகள் எல்லோரும் அதன் முன்னால் நின்று ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: கொஞ்சம்கூட ஆடலையே! அவனும் தலையை ஆட்டி வைப்பான்.

ஆடவில்லைதான். ஏன் ஆடவில்லை என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பெட்டி வேனோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. யாராவது கதவைத் திறந்தால் வேன் ஆடும். வேன் ஆடினால் படம் ஆடும். அதனால் ஓட்டம் தொடங்குமுன் கதவுகளைப் பூட்டிவிடுவது அவன் வழக்கம். விதி என்று எங்கும் எழுதியில்லை, அவனாகப் பழகிக்கொண்டது. விதி வேறு: குடை பிடித்தவன் குடையை மடக்கி, உள்ளே வந்து, உட்கார்ந்த பிறகுதான் ஓட்டம். அன்றைக்குச் சின்னக் கல் எதுவும் விழவில்லை. எடுத்த எடுப்பிலேயே பெரிய கல். இருபது வருடத்தில் அவன் பார்த்திராத கல். விரல் பொத்தான்களுக்குப் போய்விட்டது, இரண்டுக்கும். பூட்டு, ஓட்டம். மைத்துனன் வெளியே இருந்தான், தலைக்கவசம் சீட்டுக்கு அடியில் இருந்தது.

பத்தொன்பதாவது நொடியில் கதவுப் பிடி இழுபட்டது. ஒரு முறை. இன்னொரு முறை. திரையில் படம் லேசாக நடுங்கியது. "மாமா, கதவு" என்றது வெளியே குரல். பயந்த குரல்கூட இல்லை. ஞாபகப்படுத்துகிற குரல்.

அவன் கத்தினான். "ஆட்டாதேடா!"

பிடி நின்றது. அவன் மைத்துனன் கையை எடுத்துவிட்டான். மீதிப் பதினொரு நொடியும் அவன் பிடியைத் தொடவில்லை, வேனைத் தட்டவில்லை, அசையவில்லை. சொன்னதைக் கேட்டு நின்றான். அந்தப் பதினொரு நொடிக்குள்தான் விருதுக்கான கல் வந்தது. அதற்குப் பின்னால் வந்தது இன்னொரு கல்.

விசாரணையில் அவன் சொன்னான்: கல் வருகிறது, வேண்டாம் என்றேன், கேட்காமல் இறங்கினான். அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதினார்கள். எச்சரித்தும் மீறி இறங்கினார். அதே வரியைத்தான் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னான். அவள் அழுகையின் நடுவே நிமிர்ந்து, "அவனா?" என்று மட்டும் கேட்டாள். பத்து மாதமாகிவிட்டது. அந்த ஒற்றைக் கேள்விக்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தவிர அவனும் வேறெதையும் நினைக்கவில்லை.

அவள் பல் ஆஸ்பத்திரியில் அச்சு வார்ப்பவள். நாள் முழுக்க அவள் கையில் இருப்பவை பல் இல்லை, பல் இருந்த பள்ளங்கள். பள்ளத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். கடைத்தெருவில் யாராவது சிரித்தால், "இவர் மேல் பல் ரெண்டும் நான் வார்த்தது" என்பாள். தம்பி இருந்தவரை, "அக்கா, வாயை மூடிக்கிட்டே இருக்கறேன், என்னை வார்த்துடாத" என்று கிண்டலடிப்பான். இப்போது வீட்டில் கிண்டலடிக்க ஆளில்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வாரம் விடுமுறை நாளில், மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அவள் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளேயிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். மழை சாய்ந்து அடித்தது. கம்பிக் கைப்பிடியில் தெறித்தது, பூந்தொட்டிகளில் மண் குதித்தது, எதிர்வீட்டு ஏசி பெட்டியின் மேல் டமடமவென்று கொட்டியது. அவள் அவசரப்படாமல் ஒவ்வொரு துணியாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நனையறியே, உள்ள வா!"

அவள் திரும்பினாள். முகத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கையை நீட்டி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இங்க விழலையே" என்றாள். "விட்டுடுச்சா?"

விடவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் காலைச் சுற்றி வட்டமாகத் தரை உலர்ந்திருந்தது. அவள் நகர்ந்தாள், வட்டமும் நகர்ந்தது. கதவுப் பக்கம் வந்தாள், அதுவும் கூடவே வந்தது, வாசற்படிவரை வந்து நின்றது. அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வட்டம் வெளியே நின்றது. அரை நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு முதல் துளி அந்த இடத்தில் விழுந்தது, இரண்டாவது விழுந்தது, தரை முழுக்க ஒரே ஈரமாகியது.

அவள் துணிகளைச் சோபாவில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல 'இங்கயே நில்லு, வந்துடறேன்'னு சொல்லிட்டு நான் கடைக்குள்ள போனா, ஒரு மணி நேரம் ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். அவனாங்க நீங்க சொல்லியும் கேக்கல?"

அவன் வாயைத் திறந்தான். இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தான்.

"அன்னிக்கு என்னவோ அவசரம் அவனுக்கு" என்றான்.

"அடுத்த தடவை போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. அந்த இடத்தைப் பாக்கணும்."

"ஆபீஸ்ல விடமாட்டாங்க."

"அவனை விட்டாங்களே" என்றாள் அவள்.

பன்னிரண்டு நாள் கழித்து ரேடாரில் புயலின் சிவப்பு தெரிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்து வேனில் ஏறினாள். முன்பக்கம் ஒரே நீளச் சீட்டு. அவன் ஸ்டியரிங்கின் பின்னால், அவள் மறுகோடியில் கதவோரம், நடுவில் கண்ணாடி துடைக்கிற வெள்ளைத் துண்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும். ஊர் தாண்டியது, கிடங்குகள் தாண்டின, தார் முடிந்து சரளை வந்தது. வெட்டவெளியில் புல் மஞ்சளாக இருந்தது, அதன் மேல் வானம் பச்சை கலந்த சாம்பலாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை அவனுக்குத் தெரியும். கல் இருக்கும் மேகத்துக்கு அந்த நிறம் வரும்.

அவன் சட்டத்தை நிறுத்தினான், விளக்கைப் போட்டான், பெட்டியின் மூடியைக் கழற்றினான். எல்லாம் கை பார்த்துக்கொண்டது. மனசு எங்கேயோ இருந்தது. அவள் புல்லில் நடந்து போய் ஓரிடத்தில் நின்றாள். அவன் சொல்லவில்லை. இருந்தாலும் தம்பி விழுந்த இடத்தில்தான் சரியாக நின்றாள், முன்கதவிலிருந்து ஒரே எட்டு வைக்கும் தூரம். குனிந்து தரையைத் தொட்டாள். முதல் இடி உருண்டதும் வந்து ஏறிக்கொண்டாள்.

மழை வந்தது. முதலில் தூரத்தில் ஒரு இரைச்சல், யாரோ அரிசி மூட்டையைச் சரிப்பது மாதிரி; பிறகு புல் ஒரு பக்கமாகப் படுத்தது, நனைந்த இரும்பின் வாசனை வேனுக்குள் வந்தது, கூரை முழுக்கச் சத்தம் நிறைந்தது. காற்று நேராகக் கேமராப் பெட்டியின் முகத்தில் அடித்தது. அவன் திரையைப் பார்த்தான். பார்க்காமல் இருக்கத்தான் விரும்பினான்.

கண்ணாடியில் ஒரு துளிகூட இல்லை.

கூரையில் டங் என்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாமல். புல்லில் வெள்ளை துள்ளியது. அவன் விரல் பொத்தான்களுக்குப் போனது. டக் என்று கதவுகள் பூட்டிக்கொண்டன. ஓட்டம் தொடங்கியது. திரையின் மூலையில் நொடிகள் ஓடின.

அவள் திரும்பினாள். "ஏன் பூட்டறீங்க?"

"கதவு தொறந்தா வேன் ஆடும். படம் ஆடிடும்."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அவள் அவனைப் பார்த்தபடியே இருந்தாள். இவ்வளவு இரைச்சலிலும் அவள் மூச்சு விடுவது அவனுக்குக் கேட்டது.

பிறகு அவள் திரையைப் பார்த்தாள். கல்லும் துளியும் சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தன, வெளிச்சத்தில் மின்னி மின்னி. இடது ஓரத்தில் எதுவும் இறங்கவில்லை. அங்கே இருட்டு நின்றது. அதற்குத் தோள் இருந்தது. தூக்கிய கை இருந்தது. அவள் விரலை நீட்டி அந்த ஓரத்தைத் தடவினாள், ஆஸ்பத்திரியில் அச்சின் விளிம்பைத் தடவிப் பார்ப்பதுபோல்.

"இது அவன்" என்றாள்.

"காத்து..."

"என் தம்பிய எனக்குத் தெரியாதா?"

எட்டு. ஒன்பது. திரையில் அந்த இருட்டு அசைந்தது. தூக்கிய கை இறங்கியது. இறங்கியதும் பெட்டிக் கண்ணாடியில் முதல் துளி தெறித்தது. ஓரத்தில் கல் விழத் தொடங்கியது. இருட்டு படத்தைவிட்டு வெளியே போனது.

இந்தப் பக்கம்.

வேன் முழுக்கக் கல் விழுந்தது. கூரையில். முன்னால். அவன் பக்கத்துக் கதவில். அவள் பக்கத்துக் கதவில் மட்டும் சத்தம் நின்றுபோனது. அவள் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவராக இறங்கிய ஆலங்கட்டியில் ஓர் ஆள் அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக அந்தப் பக்கத்துப் புல் தெளிவாகத் தெரிந்தது.

பிடி இழுபடும் என்று அவன் காத்திருந்தான். இழுபடவில்லை. அது நின்றது. சும்மா நின்றது. அதுதான் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கும் பூட்டினீங்களா?"

பதினாலு. பதினைந்து.

"ஆமா."

"கதவ இழுத்தானா?"

"இழுத்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் அழுதுகொண்டிருந்தான். எப்போது தொடங்கினான் என்று தெரியவில்லை. "ஆட்டாதேன்னு சொன்னேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கை நீண்டு அவனைக் கடந்து பொத்தானுக்குப் போனது. பத்தொன்பது. அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது.

"இன்னும் கொஞ்சம்தான். முடிஞ்சிடும்."

அவள் கை நின்றது. அவனை ஒரு முறை பார்த்தாள், தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல். பிறகு அழுத்தினாள். டக்.

கதவைத் திறந்தாள். வேன் ஆடியது. வாசலுக்கு இரண்டு பக்கமும் கல் கொட்டியது. உள்ளே ஒரு கல்கூட வரவில்லை. குளிர் மட்டும் வந்தது, ஐஸ்பெட்டியைத் திறந்தாற்போல். அவள் சீட்டில் நகர்ந்து இடம் விட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாடா" என்றாள். "எவ்வளவு நேரம் நிப்ப."

கதவோரச் சீட்டு அமுங்கியது.

ஸ்பிரிங் முனகியது. மெத்தையில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஊறியது, விளிம்பில் வழிந்து தரையில் சொட்டியது. கதவு தானாக மெதுவாகச் சாத்திக்கொண்டது. வேன் ஆடாதபடி. அவ்வளவு மெதுவாக.

அவன் திரையைப் பிடித்துக்கொண்டான். முப்பது. ஓட்டம் முடிந்து கடைசிப் படம் நின்றது. ஓரம் முதல் ஓரம்வரை கல். எங்கேயும் இடைவெளி இல்லை. வெளியே யாரும் இல்லை.

அவள் துண்டை எடுத்தாள். தன் பக்கத்தில், தன் தலை உயரத்துக்கு, காற்றின் மேல் விரித்தாள். துண்டு கீழே விழவில்லை. உருண்டையாகத் திரண்டு நின்றது. அவள் துவட்டத் தொடங்கினாள், குளித்துவிட்டு வந்த குழந்தைக்குத் துவட்டுவதுபோல் பின்னாலிருந்து முன்னாலே, இரண்டு கையாலும். துண்டு ஈரமாகி இறுகியது. நெற்றி வந்தது. மூக்கு வந்தது. தாடை வந்தது. வலது காதுக்கு மேலே அவள் கை போனபோது துணி உள்ளே அமிழ்ந்தது, ஒரு முஷ்டி கொள்கிற அளவுக்கு. அவள் விரல்கள் அங்கே நின்றன. பள்ளத்தின் சுற்றை அளந்தன, ஆழத்தை அளந்தன. அந்த இடத்தில் துண்டு வெள்ளையாக இல்லை.

அவள் காதைத் துண்டின் அருகே கொண்டுபோனாள். தலையசைத்தாள். ஏதோ கேட்டாள், மறுபடி தலையசைத்தாள்.

"என்னங்க" என்றாள், திரும்பாமல். "இப்ப அசையலாமான்னு கேக்கறான். சொல்லுங்க."

அவன் கை தன் பக்கத்துக் கதவுப் பிடியைத் தேடிப் பிடித்தது, இழுக்காமல் நின்றுவிட்டது. கூரையில் கல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

துண்டு அவன் பக்கம் திரும்பியது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணி மெல்ல உள்ளே இழுபட்டது, பேசப்போகிறவன் மூச்சை இழுப்பதுபோல்.